மாமாங்கம் எடைமேடை, இரவுப் பணி

லாரி வெறுமையாய் ஏறும், ஒரு சீட்டு.
சுமையோடு ஏறும், இன்னொரு சீட்டு.
கழித்தால் வருவது கல்லின் எடை.
பதினோரு வருஷமாக எனக்குச் சோறு போடுவது
இந்த ஒரு கழித்தல்தான்.

தியானத்துக்கும் அதையே கொண்டுபோனேன்.
நாற்பது பக்க நோட்டு, நடுவில் கோடு.
இடப்பக்கம்: கூடியது.
வலப்பக்கம்: கூடவில்லை.
வீடோ, இந்தத் தகரக் கொட்டகையோ,
நாலரைக்குக் கண்ணை மூடி
ஐந்தேகாலுக்குத் திறந்து
டீ குடிக்கும் முன்பே கணக்கை எழுதிவிடுவேன்.
ஆனியில் எட்டு நாள் கூடியது.
ஆடியில் மூன்று.
ஆவணியில் ஒருநாள் நன்றாகக் கூடிவிட,
அந்தப் பெருமையிலேயே
மீதி மாதம் பூராவும் போயிற்று.

மனசையும் வெள்ளைக்கல் சுரங்கம் என்று
நினைத்திருந்தேன் போல.
வெளுத்ததைப் பொறுக்கித் தனியே குவித்து
மற்றதைச் சரிவில் கொட்டிவிட்டால் முடிந்தது.
ஏற்காட்டு வளைவுகளில் நின்று பாருங்கள்,
கொட்டியதெல்லாம் இன்று குன்றாக நிற்கிறது.
வேலிக்காத்தான் முளைத்து
ஆடு மேய்கிறது அதில்.

அன்று புரட்டாசி மழை.
மாதேசன் லாரியைச் சுமையோடு மேடையேற்றவும்
கரெண்ட் போகவும் சரியாக இருந்தது.
யூபிஎஸ் இரண்டு முறை கீச்சிட்டுச் செத்தது.
“வரட்டும் பவுனக்கா” என்று
ஸ்டியரிங்கில் தலை சாய்த்தார்.
உடனே குறட்டை.
எனக்குப் பொறாமையாக இருந்தது.

மணி நாலரை. பழக்கம், உட்கார்ந்தேன்.
தகரத்தில் மழை.
சின்னவனுக்குப் பள்ளிக் கட்டணம்.
மழை.
தீவட்டிப்பட்டிக்காரர் தராத பாக்கி.
விரட்டினேன், வந்தன.
விரட்டுகிறவளை விரட்டினேன்.
அவள் எங்கே போவாள்,
வெளியே மழை.

கரெண்ட் வந்தது.
சிவப்பு எண்கள் எல்லாம் ஒருமுறை எட்டாக மின்னி
ஓடி
நின்றன:

0

லாரி அப்படியே நின்றது.
கல் அப்படியே.
தார்ப்பாய்க் குழியில் தேங்கிய தண்ணீர்,
டூல்ஸ் பெட்டி, ஸ்டெப்னி, குறட்டையோடு மாதேசன்.
ஒரு கிலோகூட இறங்கவில்லை.
பூஜ்யம்.

காரணம் தெரியும் எனக்கு.
பழைய பெட்டி. விழிக்கும்போது
மேலே எது நிற்கிறதோ
அதையே ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ளும்.
மெக்கானிக் வந்தால் கோளாறு என்றுதான் எழுதுவார்.
ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
கட்டணம் இருந்தது. பாக்கி இருந்தது.
மழை இருந்தது.
கோட்டை எங்கே போடுவது என்று
கை தேடவில்லை.

நடுவில் ஒரு நாய் நனைந்துவந்து
டயர் ஓரமாகச் சுருண்டது.
எண் அசையவில்லை.
இருபது கிலோவுக்குக் கீழே எதுவும்
இந்த மேடைக்குத் தெரியாது.

ஐந்தரைக்கு மாதேசனை எழுப்பி
வண்டியைக் கீழே இறக்கச் சொன்னேன்.
இறங்கியதும் பெட்டி காட்டியது,
கழித்தல் குறியோடு
இருபத்துநாலாயிரத்து எண்ணூற்று அறுபது.
ஒன்றுமே இல்லாத மேடைக்கு
இவ்வளவு கடன்!
சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை.
“என்னக்கா ஆச்சு?” என்று பயந்தே போனார்.

பித்தானை அமுக்கி, மறுபடி ஏற்றி,
சீட்டுக் கிழித்துக் கொடுத்தேன்.
ஓமலூர் ரோட்டில் பின்விளக்கு மறையும்வரை
நாய் குரைத்தது.

ஏதாவது மாறிவிட்டதா என்றால்,
மறுநாள் வலப்பக்கம்தான் எழுதினேன், கூடவில்லை என்று.
ஒழுகிய கூரைக்குக் கீழே
நோட்டைத் திறந்தே வைத்திருந்திருக்கிறேன்.
நடுக்கோட்டின் மை
இரு பக்கமும் ஊறியிருந்தது.